குமிழி ஊதுவதிலும் திறமை இருக்கிறது

ஆட்டிசம் உள்ள இரண்டு வயதுப் பிள்ளைக்கு சோப்புக் குமிழி என்றால் உயிர். புது தெரபிஸ்ட் ஊதிக்கொண்டே போவார். பிள்ளைக்கு அவர் முகமே தேவைப்படாது. கைதேர்ந்தவர் ஒருமுறை ஊதிவிட்டு மூடியைத் திருகிக் காத்திருப்பார். பிள்ளை நிமிர்ந்து பார்த்ததும், “ஊது!” என்று சொல்லி உடனே ஊதுவார். அந்த ‘உடனே’வுக்குத்தான் நான் தெரபிஸ்ட் பயிற்சியில் மார்க் போடுவேன், பொம்மை அலமாரிக்கு அல்ல.

சாலி ரோஜர்ஸ், ஜெரால்டின் டாசன் ஆட்டிசம் உள்ள சிறு குழந்தைகளுக்காக உருவாக்கிய டென்வர் முறையிலும் தெரபிஸ்டின் செயலையே மதிப்பெண் போட்டு அளக்கிறார்கள். 2010-இல் வெளியான சியாட்டில் ஆய்வில் 48 குழந்தைகள். அம்முறையில் இரண்டு ஆண்டு பயின்றவர்கள் மொழியில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள்.

பெற்றோர் என்னிடம் வாரம் எத்தனை மணி நேரம் என்றே கேட்கிறார்கள். அந்த தெரபிஸ்டைக் கவனித்துத் திருத்துவது யார் என்றும் கேளுங்கள், அம்மா. அவர் கதவை மூடிக்கொண்டால், நானும் உள்ளே உட்காருகிறேன் என்று சொல்லுங்கள்.