அரூர்ச் சாலையில் ஹிட்லர் இல்லை

நம்மில் ஒருவர் – 14

நம் ஊரில் ஹிட்லர் ரொம்ப மலிவு. ஹெல்மெட் எங்கே என்று கேட்கும் போலீஸ்காரர் ஹிட்லர். வீட்டுப்பாடம் கேட்கும் கணக்கு வாத்தியார் ஹிட்லர். கண்டிப்பான மாமனார், தாலி ஏறிய மறுநாளே ஹிட்லர். சிவாஜி 'ஹிட்லர் உமாநாத்' என்று ஒரு படமே நடித்தார். எங்காவது துப்பாக்கிச் சூடு நடந்தால் உடனே ஜாலியன்வாலா பாக் வந்துவிடும். இப்படிச் சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. கெட்டவன் வெள்ளைக்காரனாகவோ மீசைக்காரனாகவோ எங்கோ தூரத்தில் இருப்பான். நம் தெருவில் இருக்க மாட்டான்.

வாச்சாத்திக்கு இந்த உவமைகள் பொருந்தாது. தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் மலையாளிப் பழங்குடிகளின் ஊர் அது. 1992 ஜூன் 20, சனிக்கிழமை. சந்தனக் கட்டை தேடி வந்த வனத்துறையினருக்கும் ஊர்க்காரர்களுக்கும் காலையில் கைகலப்பு நடந்தது. பிறகு பெரும்படையாக வந்தார்கள். வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6, ஆக 269 பேர். ஆண்கள் பலர் மலைக்கு ஓடிவிட, அகப்பட்டவர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய் வன்புணர்வு செய்தார்கள். அதில் பள்ளி வயதுச் சிறுமியும் உண்டு. பெண்களும் குழந்தைகளுமாக 100க்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள்.

ஆத்திரத்தில் நடந்துவிட்டது என்று யாராவது சொன்னால், வீடுகளுக்குள் நடந்ததைக் கேட்கச் சொல்ல வேண்டும். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்தார்கள். கிணற்றில் எண்ணெயை ஊற்றினார்கள். ஆடு கோழிகளை அறுத்துத் தின்றுவிட்டு மிச்சத்தையும் அதிலேயே வீசினார்கள். ஓங்கி ஒரு அறை விட ஆத்திரம் போதும். கண்ணாடியை நுணுக்கி, அடுத்தவன் வீட்டுக் குதிருக்குள் இருக்கும் தானியத்தில் கலக்க ஆத்திரம் போதாது. பொறுமை வேண்டும். பக்கத்தில் நிற்கிறவன் 'ஏம்பா இது?' என்று கேட்காமல் இருக்க வேண்டும்.

ஜாலியன்வாலா பாகில் டயர் என்ற ஒருவன் உத்தரவிட்டான், சுமார் பத்து நிமிடத்தில் சூடு முடிந்தது. இங்கே ரேஞ்சர், கார்டு, வாச்சர், கான்ஸ்டபிள் என்று மாதச் சம்பளக்காரர்கள் மூன்று நாள் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அரூர்ச் சந்தையில் தக்காளி பேரம் பேசுகிற ஆட்கள்தான். பிள்ளைக்கு ஜூன் மாத ஃபீஸ் கட்டிவிட்டு வந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

ஜெர்மனியோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் ஹிட்லரை விட்டுவிட்டு ஹாம்பர்க் பக்கம் பார்க்கலாம். அங்கிருந்து போன 101-வது ரிசர்வ் போலீஸ் பட்டாலியனைப் பற்றி கிறிஸ்டோபர் பிரௌனிங் எழுதிய புத்தகம் வெளிவந்ததும் இதே 1992-இல்தான். கூலி வேலை, குமாஸ்தா வேலை பார்த்த நடுவயதுக்காரர்கள், ஏறக்குறைய 500 பேர். 1942 ஜூலையில் போலந்தின் யூசெஃபூஃப் ஊரில் யூதர்களைச் சுட வேண்டும் என்று சொன்ன மேஜர் டிராப், முடியாதவர்கள் விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்போதே விலகியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். மற்றவர்களுக்கு, கூட வேலை பார்க்கிறவன் முன்னால் கோழையாக நிற்பதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

வாச்சாத்திக்கு வருவோம். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அரசு சாதித்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடவில்லை. உயர் நீதிமன்றம் 1995-இல் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. தர்மபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29-இல். அதற்குள் குற்றம் சாட்டப்பட்டவர்களில் 54 பேர் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றார் நீதிபதி. ஐஎஃப்எஸ் அதிகாரிகள் நான்கு பேரும் அதில் அடக்கம். வன்புணர்வுக்குத் தண்டனை பெற்றவர்கள் 17 பேர்.

எனக்கு அந்தப் பதினேழு பேரை ஓரளவு புரிகிறது. அருவருப்போடுதான், ஆனாலும் புரிகிறது. மீதி 198 பேர்தான் தூக்கத்தைக் கெடுக்கிறார்கள். அவர்களில் யாரோ ஒருவன் லாரி ஓட்டியிருக்கிறான். யாரோ ஒருவன் பெண்களை எண்ணி ஏற்றியிருக்கிறான். திங்கட்கிழமை கழிந்ததும் யாரோ ஒருவன் அந்த மூன்று நாளையும் 'டூட்டி' என்று எழுதியிருக்கிறான், படியும் வாங்கியிருப்பான்.

மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் 2023 மார்ச்சில் வாச்சாத்திக்கே போய்ப் பார்த்தார். அதே செப்டம்பர் 29-இல் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியை வன்புணர்வுக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும் என்றார். அப்போதைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார். உண்மையான கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்ற நடந்த நாடகம் இது என்பது அவர் கண்டது. நாடகம்தான். ஆனால் வேஷம் கட்டச் சொன்னதும் 269 பேர் கிடைத்தார்களே.

யூனிஃபார்ம் போட்டதால்தான், மேலிடத்து உத்தரவால்தான் என்று வாசகர்கள் சிலர் இந்த வாரமும் எழுதுவீர்கள். அரூரிலிருந்து அதிக தூரமில்லை, இதே மாவட்டத்தில் நத்தம் காலனி இருக்கிறது. 2012 நவம்பர் 7 அன்று அங்கேயும் அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளிலும் 200க்கும் மேற்பட்ட வீடுகளைக் கொளுத்திய கும்பலில் யாருக்கும் யூனிஃபார்ம் கிடையாது.

(அடுத்த வாரம்: நத்தம்)