பத்திரம் பதிஞ்சாச்சு, ஆனா பட்டா யார் பேர்ல இருக்கு? அப்ளை பண்ணும்போது தவிர்க்க வேண்டிய 7 தவறுகள்



சம்பளத்துல மிச்சம் பிடிச்சு, மீதிக்கு லோன் போட்டு, 30 லட்சத்துக்கு ஒரு மனை வாங்குறீங்கன்னு வைங்க. முத்திரைத்தாள் வரி 7%, பதிவுக் கட்டணம் 2%. அதாவது பதிவுச் செலவு மட்டுமே 2,70,000 ரூபாய். இவ்வளவும் கட்டி, சார்பதிவாளர் ஆபீஸ்ல போட்டோ எடுத்து, கைரேகை வச்சு, பத்திரத்தை வாங்கிட்டு வந்துடுறீங்க. "அப்பாடா, வேலை முடிஞ்சுது"ன்னு நினைப்போம்.

பாதி வேலைதான் முடிஞ்சிருக்கு. பத்திரம் பதியறது பதிவுத்துறை. பட்டா கொடுக்கிறது வருவாய்த்துறை, அதாவது தாலுகா ஆபீஸ். ரெண்டும் வேற வேற துறை, வேற வேற ரெக்கார்டு. பத்திரம் உங்க பேர்ல இருந்தும், அரசாங்கத்தோட நிலப் பதிவேட்டுல பழைய ஓனர் பேரே வருஷக்கணக்கா தொடரலாம். வீடு கட்ட பிளான் அப்ரூவலுக்குப் போனா பட்டா கேட்பாங்க. விற்கப் போனா வாங்குறவர் பட்டா கேட்பார். ரோடு போட அரசாங்கம் நிலம் எடுத்தா, நோட்டீஸ் பட்டாவுல இருக்கிற பேருக்குத்தான் போகும்.

பட்டா விண்ணப்பம் நிறைய பேருக்கு ரிஜெக்ட் ஆகுறதுக்குக் காரணம், பத்திரம், சிட்டா, புலப்படம் (எஃப்எம்பி) மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாததுதான். இதைச் சரிசெய்ய பெரும்பாலும் விற்கிறவரோட ஒத்துழைப்பு வேணும். மீதிப் பணம் உங்க கையில இருக்கிற வரைக்கும்தான் அவர் போனை எடுப்பார்! அதனால கீழே இருக்கிற முதல் நாலு விஷயத்தையும் பதிவுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க.

1. விற்கிறவர் பேர்ல பட்டா இருக்கான்னு பார்க்காம விடுறது

தமிழ்நாடு அரசோட இ-சர்வீசஸ் தளத்துல மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தா சிட்டாவை இலவசமா பார்க்கலாம். நகரப் பகுதின்னா டிஎஸ்எல்ஆர்னு சொல்ற நகர நில அளவைப் பதிவேடு. அதுல உங்களுக்கு விற்கிறவர் பேரும், அவர் அப்பா பேரும் சரியா இருக்கான்னு பாருங்க. ஆதார்ல ஒரு பேர், பட்டாவுல ஒரு பேர், பத்திரத்துல ஒரு இனிஷியல்னு இருந்தா, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்"ங்கிற பதிலை ஏத்துக்காதீங்க. முதல்ல அவர் பேர்ல பட்டாவைச் சரி பண்ணிட்டு வரச் சொல்லுங்க.

முழு சர்வே எண்ணையோ முழு உட்பிரிவையோ அப்படியே வாங்குறீங்க, விற்கிறவர் பேரும் பட்டாவும் பொருந்துதுன்னா, பதிவு முடிஞ்சதும் தனியா அப்ளை பண்ணாமலே பட்டா தானா மாறுற வசதி இப்போ இருக்கு. பேர் பொருந்தலைன்னா அந்த வசதி கிடைக்காது. ஒரு இனிஷியலுக்காக பல மாசம் அலைய வேண்டாமே.

2. "அப்பா பேர்ல பட்டா இருக்கு, நான்தான் வாரிசு"ன்னா நம்பிடுறது

அப்பா உயில் எழுதாம இறந்திருந்தா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவரோட சொந்த சொத்துல மனைவி, மகன், மகள், அவரோட அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் பங்கு உண்டு. கல்யாணமாகிப் போன மகளுக்கும் சேர்த்துதான். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வாங்கிப் பாருங்க. அதுல இருக்கிற எல்லாரும் கிரயப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். இல்லைன்னா, அவங்க பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரமோ, பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவாகியிருக்கணும். ஒருத்தர் விடுபட்டாலும் ஆட்சேபனை வரலாம். பட்டா அங்கேயே நின்னுடும்.

3. பழைய சர்வே எண்ணையே பத்திரத்துல எழுதுறது

1979-ல் தொடங்கி 1987 வரை தமிழ்நாட்டுல யுடிஆர்ங்கிற நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் நடந்துச்சு. அதுல நிறைய இடங்கள்ல சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் மாறியிருக்கு. தாய்ப் பத்திரம் அதுக்கு முன்னாடி எழுதினதா இருந்தா, அதுல பழைய எண் இருக்கும். பத்திரம் எழுதுறவர் அதை அப்படியே காப்பி பண்ணிட்டா, தாலுகா ஆபீஸ் ரெக்கார்டுல அந்த எண்ணே இருக்காது, இல்லைன்னா வேற யாரோட நிலமாவோ இருக்கும்.

புதுப் பத்திரத்தோட சொத்து விவரத்துல பழைய எண், இப்போதைய எண், உட்பிரிவு மூணும் இருக்கணும். நான்கு எல்லையும் புலப்படத்தோட ஒத்துப்போகணும். டிராஃப்ட்டை ஒரு ராத்திரி வீட்ல வச்சுப் படிங்க. பதிஞ்ச பிறகு தப்பு தெரிஞ்சா பிழைத்திருத்தல் பத்திரம் போடணும். அதுக்கு விற்கிறவர் மறுபடியும் வந்து கையெழுத்துப் போடணும்.

4. அளவைத் தப்பா புரிஞ்சுக்கிறது

நமக்கு மனைன்னா சதுர அடி, சென்ட், கிரவுண்டு. சிட்டாவுல இருக்கிறது ஹெக்டேர், ஏர். இந்தக் கணக்கை போன்ல சேவ் பண்ணிக்கோங்க:

1 சென்ட் = 435.6 சதுர அடி
1 ஏர் = 100 சதுர மீட்டர் = சுமார் 1,076 சதுர அடி
1 கிரவுண்டு = 2,400 சதுர அடி = சுமார் 2.23 ஏர்

அப்போ உங்க ஒரு கிரவுண்டு மனை சிட்டாவுல 2.23 ஏர்னு வரணும். இதை 2.23 சென்ட்னு படிச்சா 971 சதுர அடிதான் வரும்! பத்திரத்துல இருக்கிற அளவு சிட்டாவுல இருக்கிறதைவிட அதிகமா இருந்தா அந்த மிச்ச நிலத்துக்குப் பட்டா வராது. ஆனா காசு மட்டும் முழு அளவுக்குக் கொடுத்திருப்பீங்க.

5. உட்பிரிவு தேவைப்படுற இடத்துல "உட்பிரிவு இல்லை"ன்னு விண்ணப்பிக்கிறது

பட்டா மாறுதல்ல ரெண்டு வகை. ஒரு உட்பிரிவை முழுசா வாங்கினா அது உட்பிரிவு இல்லாத மாறுதல். ஒரு சர்வே எண்ல ஒரு பகுதியை மட்டும் வாங்கினா, நில அளவர் வந்து அளந்து, உங்க பகுதிக்குப் புது உட்பிரிவு எண் கொடுக்கணும். லேஅவுட்ல வாங்குற மனை நிறைய ரெண்டாவது வகைதான். இதுக்கு உட்பிரிவுக் கட்டணம் தனியா உண்டு.

வகையை மாத்திக் கொடுத்தா ரிஜெக்ட் ஆகலாம், இல்லைன்னா மத்தவங்க பேரோட சேர்ந்து கூட்டுப் பட்டாவா வரலாம். கூட்டுப் பட்டாவுல உங்க பேர் இருக்கும், ஆனா உங்க இடம் எதுன்னு வரைபடத்துல தனியா தெரியாது. பின்னாடி விற்கும்போதோ லோன் போடும்போதோ இது தலைவலிதான்.

நில அளவர் வர்ற அன்னிக்கு லீவு போட்டாவது நேர்ல இருங்க. எல்லைக் கல் எங்க இருக்குன்னு பாருங்க, பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிடுங்க.

6. புரோக்கரோட போன் நம்பரைக் கொடுக்கிறது

சின்ன விஷயம்தான், ஆனா ரொம்ப அடிக்கடி நடக்குது. விண்ணப்ப எண், நிலை எல்லாம் நீங்க கொடுத்த மொபைலுக்குத்தான் மெசேஜா வரும். பதிவு நாள்ல அவசரத்துல எழுத்தர் நம்பரையோ புரோக்கர் நம்பரையோ போட்டுடுறாங்க. விண்ணப்பம் ரிஜெக்ட் ஆகி ஆறு மாசம் ஆனாலும் உங்களுக்குத் தெரியாது. உங்க நம்பரைக் கொடுங்க. ஒப்புகைச் சீட்டைப் பத்திரமா வைங்க. ஆன்லைன்ல நிலையை வாரம் ஒரு தடவை பாருங்க. தானா மாறிடும்னு சொன்னாலும், மாறிடுச்சான்னு சிட்டாவை எடுத்துப் பார்த்தாதான் நிச்சயம்.

7. ஒரிஜினலை பேங்க்ல கொடுத்துட்டு கையைப் பிசையறது

ஹோம் லோன் போட்டா ஒரிஜினல் பத்திரம் பேங்க்குக்குப் போயிடும். கொடுக்கிறதுக்கு முன்னாடியே கிரயப் பத்திரம், தாய்ப் பத்திரம் எல்லாத்தையும் ஒவ்வொரு பக்கமா, முத்திரையோட, தெளிவா ஸ்கேன் பண்ணி வைங்க. மறந்துட்டாலும் பயப்பட வேண்டாம். சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல் வாங்கலாம். வில்லங்கத்தை டிஎன்ரெஜிநெட் தளத்துல இலவசமா பார்க்கலாம். அதுல உங்க பத்திரப் பதிவு சரியான சர்வே எண்ல ஏறியிருக்கான்னும் பாருங்க.

ரிஜெக்ட் ஆனா என்ன பண்றது?

முதல்ல நிராகரிப்புக்கான காரணத்தைப் படிங்க. ஆவணம் குறைவுன்னா அதைச் சேர்த்து மறுபடியும் விண்ணப்பிக்கலாம். தாசில்தார் உத்தரவே தப்புன்னு தோணினா, வருவாய் கோட்டாட்சியர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம். அங்கேயும் சரியாகலைன்னா மாவட்ட வருவாய் அலுவலர்கிட்ட சீராய்வு மனு. தமிழ்நாடு பட்டா பாஸ்புக் சட்டம் 1983 இந்த வழியைக் கொடுக்குது. ஆனா "இந்த நிலம் யாருக்குச் சொந்தம்"ங்கிறதே தகராறுன்னா, அதைத் தீர்க்குற இடம் சிவில் கோர்ட்.

இதோட இன்னொண்ணையும் புரிஞ்சுக்கணும். பட்டா மட்டுமே உரிமையை உண்டாக்காதுன்னு உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகள்ல சொல்லியிருக்கு. அதனால "பட்டா இருக்கு சார், தாய்ப் பத்திரம் எதுக்கு?"ன்னு கேட்கிறவர்கிட்ட நிலம் வாங்காதீங்க. "பத்திரம் இருக்கே, பட்டா எதுக்கு?"ன்னும் விட்டுடாதீங்க. ரெண்டும் வேணும், ரெண்டும் ஒரே கதையைச் சொல்லணும்.

ஏற்கெனவே நிலம் வாங்கிட்டவங்களுக்கு இன்னிக்கு ஒரு அஞ்சு நிமிஷ வேலை: உங்க சர்வே எண்ணைப் போட்டு சிட்டாவை எடுத்துப் பாருங்க. அதுல இன்னும் பழைய ஓனர் பேர் இருந்தா, அவர் நல்லபடியா இருக்கும்போதே, உங்க போனை எடுக்கும்போதே, பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிச்சிடுங்க. இ-சேவை மையத்துல சேவைக் கட்டணம் 60 ரூபாய்தான். பத்து வருஷம் கழிச்சு அவரோட வாரிசுகளைத் தேடி அலையறதுக்கு ஆகுற செலவோட ஒப்பிட்டா, இது ரெண்டு மூணு டீக்காசு.

இதை வீட்ல அப்பாவுக்கும், இப்போ மனை தேடிக்கிட்டிருக்கிற ஆபீஸ் நண்பருக்கும் அனுப்புங்க. அடுத்த வீடியோல சந்திப்போம்!