இல்லத்துக்கும் ஒரு படித்தரம்

வனவாசத்தில் இருந்த பாண்டவர்களைக் காணக் கண்ணபிரான் வந்தபோது, உடன் வந்த சத்தியபாமை திரௌபதியைத் தனியே அழைத்து ஒன்று கேட்டாள். கணவர் ஐவரும் உன் சொல்லுக்கு இசைந்து நடக்கின்றனரே, அதற்கு நீ கையாளும் மந்திரம் எது, மருந்து எது, விரதம் எது என்பதே அக்கேள்வி. மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை என்று மறுத்த திரௌபதி, இந்திரப்பிரஸ்தத்தில் தான் ஆற்றிவந்த கடமைகளை வரிசையாக எடுத்துரைத்தாள். அவற்றுள் ஒன்றைப் பலரும் கவனியாமல் கடந்து விடுகின்றனர். அரண்மனையின் வரவையும் செலவையும் தான் ஒருத்தியே அறிந்திருந்ததாக அவள் கூறுகிறாள். வேள்வித் தீயில் தோன்றிய பேரரசி தன் சிறப்பாகச் சொன்னவற்றுள் வீட்டுக் கணக்கும் ஒன்று.

திருவள்ளுவரும் இல்லறத்தின் துணைக்கு இலக்கணம் வகுக்கையில், மனைக்குரிய மாண்போடு கணவனின் வருவாய்க்குத் தக்க வாழ்வையும் சேர்த்தே சொல்கிறார். வலியறிதல் அதிகாரத்தில், வரவு வரும் வழி சிறிதாயினும் கேடில்லை, செலவு போகும் வழி அதனினும் அகலாதிருந்தால் போதும் என்கிறார். ஓய்வூதியத்தையோ, வங்கி வட்டியையோ, பிள்ளைகள் அனுப்பும் தொகையையோ நம்பி வாழும் மூத்த குடும்பங்களுக்கு இந்த அறிவுரை இன்று மிகவும் பொருந்தும். வரும் வழியை அகலமாக்குவது அவர்கள் கையில் இல்லை. போகும் வழியை அளந்து வைப்பது அவர்களால் இயலும்.

கோயில் காட்டும் கணக்கு

அளந்து செலவிடும் முறையைக் கற்க வெகு தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் வழிபடும் கோயிலின் மடைப்பள்ளியே அதற்குப் பாடசாலை. காலசந்திக்கு இன்ன நைவேத்தியம், உச்சிக்காலத்துக்கு இன்னது, அர்த்தசாமத்துக்கு இன்னது. அதற்கு அரிசி எத்தனை படி, பருப்பு எத்தனை, நெய் எத்தனை என்று முன்கூட்டியே வகுத்து வைப்பதைப் படித்தரம் என்பர். உக்கிராணத்திலிருந்து அந்த அளவே வெளியே வரும். திருவிழா நாளுக்குத் தனித் திட்டம் உண்டு. அன்றைய சந்தையில் கண்ணில் பட்டது என்பதற்காக மடைப்பள்ளியில் எதுவும் வாங்கப்படுவதில்லை.

தஞ்சைப் பெரிய கோயில் 1010-ஆம் ஆண்டு இராசராச சோழனால் நிறைவு செய்யப்பட்டது. அங்குள்ள ஒரு கல்வெட்டு, பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் அமுது செய்விக்க மன்னன் செய்த ஏற்பாட்டைக் கூறுகிறது. அதற்கென 360 காசு நகரத்து வணிகரிடம் முதலாக வைக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. ஆக ஆண்டு வட்டி 45 காசு. காசு ஒன்றுக்கு 1,200 பழம் என்ற விலையில் 54,000 பழம் கிடைக்கும். 360 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்குச் சரியாக 150 பழம்.

இக்கணக்கின் வரிசை நோக்கத்தக்கது. முதலில் நாளொன்றுக்கு எவ்வளவு தேவை என்பது முடிவாகிறது. பின்னர் அது நாட்களால் பெருக்கப்படுகிறது. அதன் பிறகே விலையும், விலைக்கு ஏற்ற பணமும் வருகின்றன. பல இல்லங்களில் இவ்வரிசை தலைகீழாக நடக்கிறது. மளிகைக் கடைக்குச் சென்று, பார்த்ததை வாங்கி வந்து, அதன் பின்னர் என்ன சமைப்பது என்று யோசிக்கின்றனர். அப்போது ஒரு டப்பாவில் உளுந்து வண்டு பிடிக்கிறது. மறுபுறம் துவரம் பருப்பு இருபதாம் தேதியே தீர்ந்து போகிறது.

பஞ்சாங்கத்தைப் பார்த்துப் பட்டியல்

மாத மளிகைப் பட்டியல் எழுத அமரும்போது கையில் இருக்க வேண்டிய முதற்பொருள் பஞ்சாங்கம் அல்லது தினசரி நாட்காட்டி. ஓய்வூதியம் ஆங்கில மாதத்தை ஒட்டி வருகிறது. விரதமும் பண்டிகையும் தமிழ் மாதத்தையும் திதியையும் ஒட்டி வருகின்றன. இவ்விரண்டையும் முதலிலேயே இணைத்துப் பார்க்காத இல்லத்தில், அமாவாசையோ கிருத்திகையோ திடீர்ச் செலவாக வந்து நிற்கும்.

முப்பது நாட்களுக்கும் கட்டம் போட்டு, முதலில் விரத நாட்களைக் குறித்துக் கொள்ளலாம். இரண்டு ஏகாதசி, இரண்டு பிரதோஷம், இரண்டு சஷ்டி, ஓர் அமாவாசை, ஒரு பௌர்ணமி, ஒரு சங்கடஹர சதுர்த்தி, ஒரு கிருத்திகை என்று பெரும்பாலான மாதங்களில் பத்து நாட்கள் வரை தாமே நிரம்பிவிடும். அமாவாசையில் வெங்காயம், பூண்டு இல்லை. வாழைக்காய், அவரை, புடலை, சேனை போன்ற நாட்டுக் காய்களே சமையல். துவாதசிப் பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். ஏகாதசியில் முழு உபவாசம் இருக்க இயலாதோர்க்கு அரிசி தவிர்த்த பலகாரம். இவ்வாறு மாதத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு என்ன சமைப்பது என்பதை முன்னோர் ஏற்கெனவே வகுத்து வைத்துள்ளனர்.

எஞ்சிய நாட்களுக்கு வாரச் சுழற்சி ஒன்று போதும். ஞாயிறன்று காய்கறி வாங்கும் இல்லமானால், வாடும் வரிசையே சமையல் வரிசை ஆகட்டும். திங்களன்று கீரையும் ரசமும். செவ்வாயன்று வெண்டை அல்லது கத்தரிக்காய். புதனன்று அவரைப் பொரியலும் பருப்புத் துவையலும். வியாழனன்று வெண்பூசணி மோர்க்குழம்பு. வெள்ளியன்று முருங்கைக்காய்ச் சாம்பாரும் சிறு பாயசமும். சனியன்று வற்றல் குழம்பும் சேனை வறுவலும். விரத நாள் குறுக்கிட்டால் அன்றைய சமையல் மறுநாளுக்கு நகரும். எந்தக் காயும் குப்பைக்குப் போகாது.

அளவு முதலில், பணம் அடுத்து

சமையல் கட்டம் முடிந்ததும் அளவு எழுதலாம். இருவர் மட்டும் உள்ள ஓர் இல்லத்தை எடுத்துக் கொள்வோர், நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்றால் மாதத்துக்கு 9 கிலோ, 70 கிராம் துவரம் பருப்பு என்றால் 2 கிலோவுக்குச் சற்று மேல் என்று எளிதில் கணக்கிடலாம். பழைய பட்டியலைப் பார்த்து எழுதுவதைவிட, டப்பாக்களைத் திறந்து பார்த்து எழுதுவதே நன்று. வீட்டில் அரைக் கிலோ கடலைப்பருப்பு இருக்கும்போது மேலும் ஒரு கிலோ வாங்குவது பணத்தை டப்பாவில் பூட்டி வைப்பதற்கு ஒப்பாகும்.

தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டை உள்ளோர்க்கு நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் வழங்கப்படுகின்றன. சாதத்துக்கு அந்த அரிசியை விரும்பாத இல்லங்களிலும் இட்லி மாவுக்கும் அடைக்கும் அது பயன்படும். அங்கே கிடைத்ததைக் கழித்துக்கொண்டு எஞ்சியதையே மளிகைக் கடைப் பட்டியலில் எழுத வேண்டும்.

உணவுக்கென மாதம் 8,000 ரூபாய் ஒதுக்கும் இல்லம் அதைப் பத்துப் பங்காக்கலாம். நான்கு பங்கு, அதாவது 3,200 ரூபாய் மளிகைக்கு. இரண்டு பங்கு பாலுக்கு. தயிர், மோர், நெய் யாவும் அதனுள் அடங்கும். இரண்டு பங்கு காய்கறிக்கும் பழத்துக்கும். ஒரு பங்கு பண்டிகைக்கு. மீதமுள்ள ஒரு பங்கு விருந்தினர்க்கும் தருமத்துக்கும்.

காய்கறிப் பங்கான 1,600 ரூபாயை நான்கு வாரத்துக்கு 400 எனப் பிரிப்பதில்தான் பலர் தடுமாறுகின்றனர். நான்கு வாரம் என்பது 28 நாளே. மாதத்துக்கு நாட்கள் 30 அல்லது 31. அந்த இரண்டு மூன்று நாட்களில்தான் கை வறண்டு போகிறது. வாரத்துக்கு 350 ரூபாய் வீதம் நான்கு உறைகளும், கடைசி நாட்களுக்கு 200 ரூபாயுடன் ஐந்தாவது உறையும் போட்டு வைத்தால் அத்தொல்லை தீரும்.

பண்டிகைப் பங்கும் இவ்வாறே. ஆடிப்பெருக்கில் தொடங்கி வரலட்சுமி விரதம், கோகுலாஷ்டமி, விநாயக சதுர்த்தி, நவராத்திரி, தீபாவளி, கார்த்திகை தீபம், பொங்கல் என்று ஆண்டின் பிற்பாதி முழுவதும் செலவு அடுத்தடுத்து வருகிறது. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் செலவாகாத பண்டிகைப் பங்கு உண்டியலில் சேர்ந்திருந்தால், நவராத்திரியின் ஒன்பது நாள் சுண்டலுக்கும் தாம்பூலத்துக்கும் கடன்பட வேண்டியதில்லை. புளியும் மிளகாயும் புதிதாக வரும் மாசி, பங்குனியில் ஆண்டுக்கு வேண்டியதை வாங்கி உலர்த்தி வைப்பதும், கோடை வெயிலில் வற்றல், வடாம் இடுவதும், வேப்பம்பூ சேகரிப்பதும் முன்னோர் அறிந்த சிக்கனம். மழைக் காலத்தில் காய் விலை ஏறும்போது அந்த வற்றல் குழம்பே வாரத்தில் இரண்டு நாட்களைத் தாங்கும்.

கடைசி வாரத்தில் யார் பட்டினி?

பட்டியல் இல்லாத இல்லத்தில் பற்றாக்குறை எங்கே போய்ச் சேர்கிறது என்பதை உற்று நோக்க வேண்டும். மாதத்தின் கடைசி வாரத்தில் முதலில் நிற்பது பழம். அடுத்துக் குறைவது பால். வீட்டுப் பெரியவருக்குத் தயிர்சாதம் பரிமாறிவிட்டு, அம்மையார் நேற்றைய ரசத்தை ஊற்றிக்கொண்டு உண்பார். யாரும் கேட்டால், இன்று விரதம் என்பார். நாட்காட்டியில் அன்று விரதமே இராது. பற்றாக்குறையை விரதம் என்ற பெயரால் மூடும் இப்பழக்கம் எண்ணற்ற இல்லங்களில் ஓசையின்றி நடந்து வருகிறது. முதுமையில் பருப்பும் பாலும் காயும் குறைந்தால் உடல் தளர்ந்து, மருந்துச் செலவாக அது திரும்பி வரும்.

ஏகாதசி உபவாசமே எட்டு வயதுக்கு மேல் எண்பது வயதுக்கு உட்பட்டோர்க்கே விதிக்கப்பட்டது என்பர் பெரியோர். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருத்தல் ஆகாது. இறைவனுக்காக இருப்பதே விரதம். பணம் போதாமைக்காக ஒருவர் மட்டும் பட்டினி கிடப்பது விரதத்தில் சேராது.

திரௌபதியும் எல்லோர்க்கும் பரிமாறிய பின்னரே உண்டாள். சூரிய பகவான் அருளிய அட்சய பாத்திரத்தின் வரத்தை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அவள் உண்டு முடிக்கும் வரை அப்பாத்திரம் வற்றாது என்பதே வரம். கடைசியில் உண்பவளின் பங்கும் அந்தப் பாத்திரத்தின் கணக்கில் இருந்தது. ஆகவே மாதப் பட்டியலில் இருவர் எனில் இருவர்க்கும் சமமாகப் பாலும் பழமும் பருப்பும் முப்பதாம் நாள் வரை எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்பட்ட பங்கை விட்டுக்கொடுப்பது கடினம்; எழுதாத பங்கு தானே கரைந்துவிடும்.

பிடி அரிசியும் பட்டியலில் உண்டு

கணக்குப் போட்டால் தருமம் குறைந்துவிடும் என்ற அச்சம் சிலர்க்கு உண்டு. தைத்திரீய உபநிடதத்தின் பிருகு வல்லி, உணவை இகழாதே, உணவைப் புறக்கணியாதே, உணவைப் பெருக்கு, இல்லம் தேடி வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்று நான்கு விரதங்களை விதிக்கிறது. முதல் மூன்றும் காக்கப்படும் இல்லத்தில்தான் நான்காவதற்கு வழி பிறக்கிறது. வீணாகாத அரிசியே விருந்தினர்க்கு அன்னமாகிறது.

காஞ்சிப் பெரியவர் ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பிடி அரிசித் திட்டத்தை வலியுறுத்தினார். நாள்தோறும் உலையில் இடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தால் அது ஆலயத்துக்கும் ஏழையர்க்கும் அன்னமாகும் என்பது அதன் கருத்து. ஒரு பிடி ஏறக்குறைய 40 கிராம் என்றாலும் மாதத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் சேரும். அதையும் பட்டியலின் அரிசிக் கணக்கில் முதலிலேயே கூட்டி எழுதிவிட்டால், மாதக் கடைசியிலும் அந்தக் கை தயங்காது.

ஐப்பசிப் பௌர்ணமியில் சிவாலயங்களில் அன்னாபிஷேகம் நடைபெறுகிறது. அன்று இறைவன் திருமேனியை மூடி நிற்பது இல்லங்களில் நாள்தோறும் வடிக்கப்படும் அதே அன்னம். அதை அளந்து எடுத்து, அளவாகச் சமைத்து, இறைவனுக்குப் படைத்து, வந்தவர்க்கு இட்டு, வீட்டில் உள்ள அனைவரும் நிறைவாக உண்பதும் வழிபாடே ஆகும். ஒரு தாளும் எழுதுகோலும் பஞ்சாங்கமும் இருந்தால் அடுத்த மாதத்தின் முதல் நாளே அவ்வழிபாட்டைத் தொடங்கலாம். அன்னபூரணியின் அருள் அந்த இல்லத்தில் முப்பது நாளும் குறைவின்றி நிலைக்கட்டும்.