முதல் ஆர்.சி. கார் கிட் வாங்கப் போறீங்களா? பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கு எது சரி, எதில் கவனம்? முழு விவரம்

ரிமோட்டில் ஓடும் கார் என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது திருவிழாக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் பொம்மைதான். ஆனால் பெட்டிக்குள் உதிரி பாகங்களாக வந்து, நாமே ஸ்க்ரூ ஸ்க்ரூவாக மாட்டி ஓட்டும் 'ஆர்.சி. கிட்' அந்த வகை அல்ல. வேலை, குடும்பம் என்று ஆன பிறகு முதல்முறையாக இதில் இறங்குபவர்களும் உண்டு. "இந்த வயசுல பொம்மையா?" என்ற கேள்வியை எப்படியோ சமாளித்துவிடலாம். பணம் போட்ட பிறகு வண்டி ஓடவில்லை என்றால்தான் சிக்கல்.

சென்னை, பெங்களூரு போல ஆர்.சி. பாகங்களைத் தேடி வாங்கும் வசதி சிறிய மாவட்டங்களில் கிடையாது. பெரம்பலூரிலோ அரியலூரிலோ இருப்பவருக்குப் பெரும்பாலும் எல்லாமே கூரியரில்தான் வரும். அதனால் எதை வாங்குவது, எந்த வரிசையில் மாட்டுவது என்பதை முன்பே தெரிந்துகொள்வது அவசியம்.

ஆர்.சி. கிட் என்றால் என்ன?

ஆர்.சி. என்பது 'ரேடியோ கன்ட்ரோல்' என்பதன் சுருக்கம். கிட் பெட்டியைத் திறந்தால் உள்ளே சேஸிஸ், கியர்கள், சஸ்பென்ஷன், சக்கரம், டயர், மோட்டார், பை பையாக ஸ்க்ரூக்கள், ஒரு கையேடு இருக்கும். உண்மையான காரைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்த 1/10 அளவுதான் பரவலானது.

இந்தப் பொழுதுபோக்கைச் சாமானியர் கைக்குக் கொண்டுவந்ததில் ஜப்பானின் ஷிசுவோகா நகரில் இருக்கும் டாமியா நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1946-ல் மர அறுவை நிறுவனமாகத் தொடங்கிய டாமியா, பிறகு பிளாஸ்டிக் மாடல்களுக்கு மாறியது. 1976-ல் போர்ஷ 934 மாடலை ரேடியோ கன்ட்ரோல் காராக வெளியிட்டது. 1984-ல் வந்த 'கிராஸ்ஹாப்பர்' என்ற பக்கி, புதியவர்களுக்கான வண்டியாகவே பெயர் வாங்கியது. 2005-ல் அது மறுபடியும் விற்பனைக்கு வந்தது. 2013-ல் வந்த டிடி-02 சேஸிஸும் இன்றுவரை முதல் கிட்டாகப் பலர் தேர்ந்தெடுப்பது. நிறுவனத்தை உலகறியச் செய்த ஷுன்சாகு டாமியா 2025 ஜூலையில், 90 வயதில் காலமானார்.

ரெடிமேடா, கிட்டா?

பெட்டியைத் திறந்ததும் ஓட்டக்கூடிய ரெடிமேட் கார்களும் கிடைக்கின்றன. உடனே ஓட்டணும் என்றால் அதுதான் சுலபம். ஆனால் ஆர்.சி. கார் உடையாமல் இருக்காது. சுவரில் மோதும், கல்லில் ஏறிக் கவிழும், சஸ்பென்ஷன் கை ஒடியும்.

ரெடிமேட் வாங்கியவருக்கு அப்போதுதான் முதல்முறை வண்டியைப் பிரிக்க வேண்டி வரும். கிட் கட்டியவருக்கு எந்தப் பாகம் எங்கே இருக்கிறது, அதன் எண் என்ன, எந்த ஸ்க்ரூவைக் கழற்றினால் அது வெளியே வரும் என்பது ஏற்கெனவே தெரியும். சர்வீஸ் சென்டர் பக்கத்தில் இல்லாத ஊரில் வண்டியைக் கட்டியவர்தான் அதன் மெக்கானிக். கிட் வாங்குவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

நம்ம ஊர் மண்ணுக்கு எந்த வண்டி?

படத்தில் பார்த்துப் பிடித்த காரை வாங்கிவிடுவது பலரும் செய்யும் தவறு. டிடி-02 போன்ற ரோடு கார்களில் சேஸிஸுக்கும் தரைக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான். வழவழப்பான சிமென்ட் தளத்தில் அருமையாக ஓடும். ஜல்லி பெயர்ந்த தெருவில் அடிவயிறு தட்டும்.

பெரம்பலூர் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல் மண். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும். இரண்டு இடத்திலும் ஓட்டப்போவது பெரும்பாலும் மண் தரையில்தான். அதற்குப் பெரிய பின்சக்கரமும் உயரமான சஸ்பென்ஷனும் கொண்ட 'பக்கி' வகையே பொருந்தும். கிராஸ்ஹாப்பர், டிடி-02பி போன்றவை அந்த வகை. ஒரே ஒரு எச்சரிக்கை: மழை பெய்த மறுநாள் கரிசலில் இறக்கினால் மண் சக்கரத்தைச் சுற்றி உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். மோட்டார் திணறிச் சூடேறும். தரை காயட்டும்.

தூசியும் ஒரு பிரச்னை. பல கிட்களில் சக்கரம் சுழலும் இடத்தில் பால் பேரிங்குக்குப் பதிலாக வெறும் பிளாஸ்டிக் புஷ் தருவார்கள். சுண்ணாம்புத் தூசி உள்ளே போய் எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் போல வேலை செய்யும். கட்டும்போதே இருபுறமும் மூடிய பால் பேரிங் போட்டுவிடுவது நல்லது. பிறகு மாற்ற வேண்டுமென்றால் பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும்.

பெட்டியில் எது இருக்காது?

முதல்முறை வாங்குபவர் ஏமாறும் இடம் இதுதான். பெட்டியின் விலை முழு விலை அல்ல. பெரும்பாலான கிட்களுக்கு இவற்றைத் தனியாக வாங்க வேண்டும்:

• ரிமோட்டும் (டிரான்ஸ்மிட்டர்) ரிசீவரும்
• ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோ
• பேட்டரி, அதற்கேற்ற சார்ஜர்
• பாடிக்கு பெயின்ட்
• மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. (சில கிட்களில் மட்டும் சேர்ந்தே வரும்)

வெளிநாட்டுத் தளத்தில் பார்க்கும் விலையும் கடைசி விலை அல்ல. பொம்மைகள் மீதான அடிப்படை சுங்க வரியை மத்திய அரசு 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்தில் இருந்து 60 ஆகவும், 2023 பட்ஜெட்டில் 70 ஆகவும் உயர்த்தியது. சுங்கத்துறைக் கணக்கில் அளவு குறைத்த மாடல்களும் பொம்மைகள் இருக்கும் அதே 9503 தலைப்பின் கீழ்தான் வருகின்றன. ஜி.எஸ்.டி., கூரியர் கட்டணம் தனி. அதனால் வெளிநாட்டில் ஆர்டர் போடும் முன், இந்தியாவில் விற்பவரிடம் எல்லாம் சேர்த்து என்ன விலை என்று கேட்டு ஒப்பிடுவது நல்லது. "இந்த மாடலுக்கு ஸ்பேர் வெச்சிருக்கீங்களா?" என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். ஸ்பேர் கிடைக்காத வண்டி, முதல் விபத்தோடு அலமாரிக்குப் போய்விடும்.

லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். இன்றைய ரிமோட்டுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குகின்றன. அந்த அலைவரிசையில் குறைந்த சக்திக் கருவிகளைப் பயன்படுத்த லைசென்ஸ் தேவையில்லை என்று 2005 ஜனவரியிலேயே மத்திய அரசு விதி வெளியிட்டுவிட்டது. 2021 டிரோன் விதிகள் பறக்கும் கருவிகளுக்கானவை. தரையில் ஓடும் காருக்குப் பொருந்தாது. ஆனால் வயர்லெஸ் கருவியை வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்ய, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஒப்புதல் வேண்டும். ரிமோட்டை உள்நாட்டிலேயே வாங்கிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை.

என்னென்ன டூல்ஸ் தேவை?

அதிகம் இல்லை. ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சிறிய கட்டிங் பிளேயர், கூரான கத்தி, மூக்கு பிளேயர், இவ்வளவு போதும். ஆனால் ஸ்க்ரூ டிரைவரில் ஒரு நுணுக்கம் உண்டு. ஜப்பான் கிட்களில் இருப்பது 'ஜே.ஐ.எஸ்.' என்ற ஜப்பான் தர ஸ்க்ரூ. பார்ப்பதற்குச் சாதாரண ஸ்டார் போலவே இருக்கும். நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் டிரைவரின் முனை அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருகினால் வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். ஜப்பான் பைக்குகளிலும் இதே வகை ஸ்க்ரூ உண்டு. ஆன்லைனில் வாங்கும்போது ஜே.ஐ.எஸ். என்று பார்த்து வாங்க வேண்டும்.

எந்த வரிசையில் கட்டுவது?

டாமியா கையேட்டில் படங்கள்தான் அதிகம். ஸ்க்ரூக்களை அவற்றின் உண்மையான அளவிலேயே அச்சிட்டிருப்பார்கள். கையில் இருக்கும் ஸ்க்ரூவைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தாலே சரியா தவறா என்று தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு பையை மட்டும் பிரித்து ஒரு தட்டில் கொட்டிக்கொண்டால் தொலையாது. ஆனால் இந்த நான்கு விஷயங்களில் கூடுதல் கவனம் தேவை.

முதலில் சர்வோ. அதைக் காரில் மாட்டும் முன்பே ரிசீவர், பேட்டரியோடு இணைத்து ரிமோட்டை ஆன் செய்ய வேண்டும். சர்வோ நடு நிலைக்கு வந்து நிற்கும். அந்த நிலையில்தான் அதன் கையை மாட்ட வேண்டும். இதைச் செய்யாமல் கட்டினால் கார் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும், மறுபக்கம் பாதிதான் திரும்பும். அதோடு, எலெக்ட்ரானிக்ஸில் ஏதாவது கோளாறு இருந்தால் வண்டி முழுக்கக் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இரண்டாவது, பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூ. ஸ்க்ரூவே தனக்கு மரை வெட்டிக்கொண்டு போகும். தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு சுத்து" என்று இறுக்கினால் மரை பிடுங்கிக்கொள்ளும். கழற்றி மறுபடி மாட்டும்போது, முதலில் இடப்பக்கமாக மெதுவாகச் சுற்றினால் ஒரு இடத்தில் 'டக்' என்று இறங்கும். அதுதான் பழைய மரை. அங்கிருந்து வலப்பக்கம் திருக வேண்டும்.

மூன்றாவது, திரெட் லாக் பசை. மோட்டார் ஸ்க்ரூ போல உலோகத்துக்குள் உலோகம் போகும் இடத்துக்கு மட்டும்தான் அது. பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

நான்காவது, பெயின்ட். கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். அதனால் அடர் நிறம் முதலில், வெளிர் நிறம் பிறகு. பாலிகார்பனேட்டுக்கு என்றே வரும் பெயின்ட்தான் ஒட்டும். சாதாரண ஸ்ப்ரே முதல் மோதலிலேயே செதில் செதிலாக உரியும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு மங்கிப்போக வாய்ப்பு உண்டு. வெயில் நாளில், காற்றோட்டமான இடத்தில் அடிப்பது நல்லது.

டிஃபரென்ஷியல் எதற்கு?

கட்டும்போது பலரும் குழம்பும் பாகம் இது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுவதே டிஃபரென்ஷியலின் வேலை.

டிராக்டர் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுற்றி, வண்டி நகராமல் நிற்பதற்குக் காரணம் இதே டிஃபரென்ஷியல்தான். அப்போது டிரைவர் 'டிஃப் லாக்' மிதியை அழுத்தி இரண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுழல வைப்பார். ஆர்.சி. பக்கி புழுதியில் ஒற்றைச் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நின்றால், அது பழுது அல்ல. அதே கதைதான்.

பேட்டரியில் என்ன ஆபத்து?

இதில் மட்டும் அலட்சியமே கூடாது. 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (நைம்ஹெச்) பேட்டரி புதியவர்களுக்குப் பாதுகாப்பானது. லைப்போ எனப்படும் லித்தியம் பாலிமர் பேட்டரிக்கு எடை குறைவு, சக்தி அதிகம். ஆனால் தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கும்.

• லைப்போவுக்கு அதற்கென்ற பேலன்ஸ் சார்ஜர்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 3 வோல்ட்டுக்குக் கீழே போகவும் கூடாது.
• ஈ.எஸ்.சி.யில் லைப்போவுக்கான கட்-ஆஃப் வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நைம்ஹெச்தான் சரி.
• கட்டில், மர மேசை மேல் சார்ஜ் போடக் கூடாது. சிமென்ட் தரையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போட வேண்டும்.
• ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் பேட்டரியை விட்டுச் செல்லவும் கூடாது.
• பல நாள் ஓட்டப்போவதில்லை என்றால் லைப்போவை ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும்.
• உப்பிய பேட்டரியை மறுபடி பயன்படுத்தக் கூடாது. வீட்டுக் குப்பையோடும் போடக் கூடாது; தனியாகச் சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும் என்று 2022 பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன.

எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது?

சிமென்ட் லாரிகள் ஓடும் அரியலூர் சாலைகளும், திருச்சி–சென்னை தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோடும் இதற்கான இடமே அல்ல. லாரி டிரைவரின் கண்ணுக்கு இவ்வளவு சிறிய வண்டி தெரியாது. அதை எடுக்க ஓடும் ஆள்தான் ஆபத்தில் மாட்டுவார். அறுவடை முடிந்த சொந்த வயல், ஆள் இல்லாத நேரத்தில் அனுமதி வாங்கிய மைதானம் போதும்.

பெரம்பலூர் மாவட்டத்தின் காரை பகுதியில் இருக்கும் செம்மண் பள்ளங்களைப் பார்த்தால் பக்கி ஓட்டவே அமைந்தது போலத் தோன்றும். ஆனால் அது கோடிக்கணக்கான ஆண்டு பழமையான கடல் உயிரினப் புதைபடிவங்கள் மண்ணின் மேற்பரப்பிலேயே கிடக்கும் இடம். 12 கோடி ஆண்டு பழமையானதாகக் கணிக்கப்படும் சாத்தனூர் கல்மரமும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கெல்லாம் சக்கரம் கிளற வேண்டாம்.

முதல் ஓட்டத்துக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ஆன் செய்யும்போது முதலில் ரிமோட், பிறகு கார். ஆஃப் செய்யும்போது முதலில் கார், பிறகு ரிமோட். மாற்றிச் செய்தால் சிக்னல் இல்லாத கார் தன் போக்கில் பாய வாய்ப்பு உண்டு. சக்கரம் தரையில் படாதபடி ஒரு டப்பா மேல் வண்டியை வைத்து, முன்னே பின்னே, இடம் வலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான்கு சக்கர நட்டும் இறுகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டி நிறுத்தி, மோட்டார் பக்கம் கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். தொடக்கூட முடியாத அளவு கொதித்தால் எங்கோ கியர் இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டி முடித்ததும் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, எந்த ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது என்று ஒரு சுற்று பார்த்துவிட்டால் போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு வண்டி தயார்.