ஒரே ஊர், இரண்டு மாவட்டம்

"சாமி, இதுலே மாவட்டம்னு போட்டிருக்கிற இடத்துலே நான் என்னன்னு எழுதச் சொல்லட்டும்?"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, வயது முதிர்ந்த கைம்பெண் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து இரண்டு விண்ணப்பப் படிவங்களை எடுத்து எம்மிடம் நீட்டி இவ்வாறு கேட்டார். ஒன்று வீட்டுமனைப் பட்டாவுக்கு. மற்றொன்று அரசின் வீடு கட்டும் திட்டத்திற்கு. இருக்கும் குடிசை ஒன்றே, குடியிருக்கும் தெரு ஒன்றே. ஆனால் ஒரு படிவத்தில் தூத்துக்குடி மாவட்டம் என்றும், மற்றதில் தென்காசி மாவட்டம் என்றும் எழுத வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தோம். அம்மூதாட்டி சிரித்தார். "அப்போ நான் செத்தா எந்த மாவட்டத்துலே சாமி புதைப்பீங்க?" என்றார்.

அன்று நாமும் சிரித்துவிட்டோம். பின்னர் சிந்தித்துப் பார்த்தால் சிரிக்கத்தக்க காரியமாக அது தோன்றவில்லை.

இளையரசனேந்தல் குறுவட்டத்தின் கதையை நம் குடும்பங்கள் பலவும் அறியும். பிர்கா என்று சொன்னால்தான் சிலருக்கு விளங்கும். பாளையக்காரர் காலத்திலிருந்து பெயர் பெற்ற ஊர்; பின்னர் ஜமீன்; சுதந்திர இந்தியாவில் சங்கரன்கோவில் வட்டத்தைச் சேர்ந்த கரிசல் பூமி. ஆனால் இம்மக்களின் கால்கள் என்றைக்கும் நடந்தது கோவில்பட்டியை நோக்கித்தான். பருத்தி, உளுந்து, மிளகாய் விற்பதும், பிள்ளைகள் கல்லூரிக்குப் போவதும், மில் வேலை, பிரசவம், இரயில் ஏறுதல் எல்லாமே அங்கேதான். கோவில்பட்டி நகரில் ஒரு பெருஞ்சாலைக்கே இளையரசனேந்தல் சாலை என்று பெயர் வழங்குகிறது. ஒரு சாலைக்கு மக்கள் இடும் பெயரைவிட வலிய சாட்சி வேறு வேண்டுமோ?

1986 வரை இதில் சிக்கல் இருந்ததில்லை. கோவில்பட்டியும் சங்கரன்கோவிலும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அவ்வாண்டு அக்டோபர் 20-இல் வ.உ. சிதம்பரனாரின் பெயரால் புதிய மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதுவே இன்றைய தூத்துக்குடி மாவட்டம். கோவில்பட்டி புதிய மாவட்டத்திற்குப் போயிற்று. இளையரசனேந்தல் பழைய மாவட்டத்தில் நின்றது. அரை மணிப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் நகரம் அயல் மாவட்டமாயிற்று. எங்களையும் கோவில்பட்டியோடு சேருங்கள் என்று மக்கள் மனுமேல் மனு கொடுத்தனர். 2008-இல் அரசு செவிசாய்த்து, இக்குறுவட்டத்தைச் சங்கரன்கோவில் வட்டத்தினின்று பிரித்துக் கோவில்பட்டி வட்டத்தில் சேர்த்தது.

இவ்விடத்தில் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாறியது வருவாய்த்துறையின் கோடு மட்டுமே. இளையரசனேந்தல், அப்பநேரி, அய்யனேரி, பிள்ளையார்நத்தம், முக்கூட்டுமலை, ஜமீன் தேவர்குளம் முதலிய 12 ஊராட்சிகளும் முன்போலவே குருவிகுளம் ஊராட்சி ஒன்றியத்திலேயே விடப்பட்டன. 2019 நவம்பர் 22-இல் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கிவைக்கப்பட்டபோது குருவிகுளம் ஒன்றியம் அதனுள் சென்றது. அதனோடு இந்த 12 ஊராட்சிகளும் சென்றன. நிலத்திற்கு அதிகாரி தூத்துக்குடி ஆட்சியர். அந்நிலத்தின் மேல் கிடக்கும் தெருவுக்கும் சாக்கடைக்கும் தெருவிளக்குக்கும் அதிகாரி தென்காசி ஆட்சியர் என்றாயிற்று.

நகரத்தில் வாழும் வாசகர்கள் இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஏழைக் குடும்பத்தின் காரியங்கள் எந்த வழியில் நடக்கின்றன என்பதைப் பார்த்தால் விளங்கும். பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை ஆகியவை கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்ற படிகளில் ஏறிச் செல்கின்றன. குடிநீர், ஊர்ச்சாலை, தெருவிளக்கு, வீட்டு வரி, அரசு வீடு, நூறு நாள் வேலை என்று மக்கள் அழைத்த வேலைத்திட்டம் ஆகியவை ஊராட்சித் தலைவர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற வேறு படிகளில் ஏறுகின்றன. இரண்டு ஏணிகளும் எல்லா ஊரிலும் உண்டு. மற்ற ஊர்களில் அவ்விரண்டும் ஓர் ஆட்சியரிடம் போய்ச் சேரும். ஒரு துறை மறுத்தால் அவர் மற்றொன்றை அழைத்துக் கேட்கலாம். இங்கே ஏணிகள் இரண்டும் வெவ்வேறு சுவர்களில் சாத்தப்பட்டிருந்தன.

அந்த மூதாட்டியின் காரியத்தையே எடுத்துக்கொள்வோம். வீடு வேண்டுமாயின் பட்டா காட்ட வேண்டும். பட்டா வரத் தாமதமானால், ஏன் தாமதம் என்று ஒன்றியத்தார் கேட்க வேண்டியது தம் மாவட்டத்து அதிகாரியையன்று. ஓர் அலுவலகத்தில் "அங்கே கேளுங்கள்" என்றார்கள்; மற்றோர் அலுவலகத்தில் "அது எங்கள் எல்லைக்குள் வராது" என்றார்கள். எவரும் கடுமையாகப் பேசவில்லை. எவரும் கையூட்டுக் கேட்கவில்லை. இருவர் சொன்னதும் விதிப்படி சரியே. அவர் இழந்தது நான்கு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கலாம் என்றால், தென்காசிக்குச் சங்கரன்கோவில் போய் வண்டி மாற வேண்டும். தூத்துக்குடிக்குக் கோவில்பட்டி போய் வண்டி மாற வேண்டும். ஏரோது காலத்தில் குடிக்கணக்கு எழுதச் சென்ற சூசையப்பருக்கும் நீண்ட பயணம்தான். ஆயினும் தமது ஊர் பெத்லெகேம் என்பதிலாவது அவருக்கு ஐயமிருக்கவில்லை.

குருவிகுளம் தொலைவில் இருக்கிறது என்பதன்று மக்களின் மெய்யான குறை. சில ஊர்களுக்கு அது அருகிலேயே இருக்கிறது. அங்கே அலுவலகம் தவிர வேறு அலுவல் இல்லை என்பதே குறை. கோவில்பட்டிக்குப் போனால் மருந்து வாங்கி, விதை வாங்கி, பிள்ளையின் கட்டணம் செலுத்தி, மனுவும் கொடுத்துத் திரும்பலாம். அன்றாடங்காய்ச்சிக்கு ஒரு நாளில் நான்கு வேலை முடிவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை வரைபடத்தில் கோடு போடுவோர் அறிந்திருக்க வேண்டும்.

ஒரு துறையின் கோட்டை மாற்றியவர்கள் மற்றதை ஏன் விட்டார்கள்? இதில் அதிகாரிகளின் அசட்டை மட்டும் காரணமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வருவாய் வட்டம் என்பது அலுவலர்களால் ஆனது. அரசாணை ஒன்றால் மாற்றிவிடலாம். ஊராட்சி ஒன்றியத்திற்கு 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் உண்டு. வார்டுகள், இடஒதுக்கீட்டுச் சுழற்சி, நிதிப் பங்கு, முடியாத வேலைகள், ஊழியர்கள் எல்லாம் உண்டு. மக்கள்தொகையை ஒட்டி நிதி பகிரப்படுவதால் 12 ஊராட்சிகள் போனால் குருவிகுளத்தில் எஞ்சும் ஊர்களுக்குக் குறையும். அவர்களும் ஏழைகளே. மேலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்கும்போதெல்லாம் எல்லைகளை மாற்றாது நிறுத்திவைப்பதும் வழக்கம்.

தேர்தல் நாட்களும் ஒத்துவரவில்லை. தூத்துக்குடி மாவட்ட ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. தென்காசி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களுக்கு எல்லைச் சீரமைப்பின் காரணமாக 2021 அக்டோபரில்தான் நடந்தது. எனவே ஒன்றியத்தின் ஐந்தாண்டு ஒன்று முடியும்போது மற்றது முடிவதில்லை.

இவை யாவும் தீர்க்கக்கூடிய சிக்கல்களே. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை வட்டத்தின் ஒரு பகுதி திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்திலிருந்து சென்னை இராச்சியத்திற்கு வந்தது. சட்டமும் நீதிமன்றமும் பள்ளியும் பதிவேடும் அனைத்தும் மாற வேண்டியிருந்தது. ஒரு குறித்த நாளை வைத்து அதைச் செய்தார்கள். இராச்சியம் விட்டு இராச்சியம் செய்ய முடிந்ததை, கோவில்பட்டிக்கும் குருவிகுளத்துக்கும் இடையே செய்ய இத்தனை காலம் ஏன் தேவைப்பட்டது என்று மக்கள் கேட்டால், அதற்கு விடை சொல்லும் கடமை ஆள்வோருடையது.

பிறரைக் குறை சொல்லுமுன் நம் வீட்டையும் பார்த்துக்கொள்வோம். நம் மறைமாவட்டத்திற்குக் கோடு இடைஞ்சலாக இல்லை. 1973-இல் மதுரையிலிருந்து பிரிந்த பாளையங்கோட்டை மறைமாவட்டத்தில் சங்கரன்கோவிலும் உண்டு, கோவில்பட்டியும் உண்டு. ஆனால் ஒரு கிளைப்பங்கை ஒரு பங்கிலிருந்து மற்றொரு பங்குக்கு மாற்றும்போது நாம் என்ன செய்கிறோம்? பழைய ஞானஸ்நானப் புத்தகம் பழைய பங்கிலேயே இருந்துவிடுகிறது. கல்யாண ஓலைக்கு முன் சான்று வாங்க வரும் பெண்ணின் தகப்பனாரை, "அங்கே போய்க் கேளுங்கள்" என்று நாமும் அனுப்பியிருக்கிறோம். எழுதும்போதே சிறிது வெட்கமாக இருக்கிறது.

2021 தேர்தலின்போது, கோரிக்கை நிறைவேறும்வரை உள்ளாட்சித் தேர்தலைப் புறக்கணிப்போம் என்ற குரல் இப்பகுதியில் எழுந்தது. அந்தச் சினம் நமக்கு விளங்குகிறது. பல்லாண்டு மனுக் கொடுத்தவன் கடைசியில் கைவசமிருக்கும் ஒரே பொருளாகிய வாக்கை மறுக்கிறான். ஆயினும் அதில் நமக்கு உடன்பாடில்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின் 2021 வரை இவ்வூராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவருமில்லை; தனி அலுவலர்களே இருந்தனர். அந்த ஐந்து ஆண்டுகளில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் தவித்தவர்கள் நம் தாய்மார்களே. தலைவர் இல்லாத ஊராட்சிக்காக எந்த அலுவலகமும் வருந்துவதில்லை.

சிறிய சமூகம் தானே செய்துகொள்ளக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931-இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். தன் எல்லை எதுவென்று சொல்லும் உரிமை அந்தச் சிறிய சமூகத்துக்கு இல்லையென்றால் மற்ற உரிமைகள் எதற்கு? அவ்வுரிமையைச் சொல்லும் இடம் கிராம சபை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் அதற்கென அறிவிக்கப்பட்டன. வந்து கையெழுத்திட்டுப் போய்விடுவோர் பலர். தீர்மானத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எழுதியதைப் பார்த்து, நகல் கேட்டு வாங்குவோர் சிலரே.

எல்லை மாற்றம் எங்கே வந்தாலும், எப்போது வந்தாலும், அத்தீர்மானத்தில் சில சொற்கள் இருத்தல் நலம். வருவாய், ஊராட்சி, பள்ளிக்கல்வி, காவல் ஆகிய துறைகளின் கோடுகள் ஒரே நாளில் மாற வேண்டும். ஆட்கள் மாறும்போது அவர்களுடைய கோப்புகளும் மாற வேண்டும். பாதியில் நிற்கும் வீட்டுக்கு மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்கச் சொல்லக்கூடாது. எஞ்சும் ஒன்றியத்தின் நிதி இழப்புக்கு ஈடு என்ன என்பதும் எழுதப்பட வேண்டும். நகல் ஒன்றல்ல, இரண்டாக, இரு ஆட்சியர்களுக்கும் தபாலில் அனுப்பி, ஒப்புகைகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அந்த மூதாட்டிக்குப் பட்டா கிடைத்தது. வீட்டுக்கான விண்ணப்பம் மட்டும் ஓராண்டுக்குப் பின்னும் அசையவில்லை. அடுத்த முறை அவர் கோவிலுக்கு வந்தபோது கையில் இரண்டு பைகள் இருந்தன. மஞ்சள் பை தூத்துக்குடிக்கு, பச்சைப் பை தென்காசிக்கு என்றார். எழுத்தறியாதவர், நிறத்தைக் கொண்டு மாவட்டத்தைப் பிரித்து வைத்திருந்தார்.