பழைய பிக்கப்புக்குப் பெரிய ஆக்சில்: எது மாறும், எது மாறாது?

தேவகோட்டையில் ஒரு பழைய நகரத்தார் வீட்டைப் பிரிக்கிறார்கள் என்றால், வாசலில் ஒரு பழைய பிக்கப் நிற்பது வழக்கமான காட்சி. நிலை, கதவு, உத்திரம், கல்தூண் என்று ஒவ்வொன்றாக ஏறும். காரைக்குடி பழம்பொருள் கடைகளுக்கோ, வேறு ஊரில் எழும்பும் புது வீட்டுக்கோ போகும். தேக்கு நிலை பார்க்கத்தான் பிரம்மாண்டம். எடையில் ஆளை ஏமாற்றுவது கல்தூண். 9 அடி உயரம், முக்கால் அடி சதுரம் உள்ள கருங்கல் தூண் ஒன்று ஏறக்குறைய 390 கிலோ இருக்கும். ஒன்றேகால் டன் ஏற்ற அனுமதி உள்ள வண்டியில் மூன்று தூண் வைத்தாலே கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. நான்காவது ஏறினால் ஒன்றரை டன்னைத் தாண்டிவிடும். ‘இன்னொரு நடை எதுக்கு, இதுலயே போட்டுரு’ என்று ஏற்றப்படும் அந்த நான்காவது தூண்தான் பிரச்சினை.

இப்படியே ஓடும் வண்டியில் ஒருநாள் பின்பக்க ஆக்சில் முறியும், அல்லது பேரிங் அரைத்துக்கொண்டு நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் யோசனை தயாராக இருக்கும்: ‘அதே ஆக்சிலைப் போட்டா மறுபடியும் உடையும்ணே. பெரிய வண்டி ஹவுசிங் ஒண்ணு வந்திருக்கு, மாத்திருவோம்.’

இந்த யோசனை பாதிதான் சரி. மீதிப் பாதி உயிருக்கும் பணத்துக்கும் உலை வைக்கக்கூடியது.

ஆக்சிலில் எது பாரம் தாங்குகிறது?

வண்டியின் பின்புறம் குனிந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களுக்கும் இடையே நடுவில் உருண்டையாகப் புடைத்த ஓர் இரும்புக் குழாய் தெரியும். அதுதான் ஹவுசிங். புடைப்புக்குள் கிரவுன், பினியன் பற்சக்கரங்களும் டிஃபரென்ஷியலும் இருக்கின்றன. அங்கிருந்து இரண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட் போய்ச் சக்கரத்தைச் சுற்றுகிறது. கமான் பட்டைகள் ஹவுசிங் மேல் யூ போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும்.

இதில் இரண்டு வகை உண்டு. செமி ஃப்ளோட்டிங் வகையில் ஷாஃப்டுக்கு இரட்டை வேலை: சக்கரத்தைச் சுற்ற வேண்டும், வண்டியின் பாரத்தையும் தாங்க வேண்டும். ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமே கழன்று ஓட வாய்ப்பு உண்டு. ஃபுல் ஃப்ளோட்டிங் வகையில் ஹப், ஹவுசிங்கின் முனையில் உள்ள பேரிங்குகள் மேல் உட்கார்ந்திருக்கும். பாரம் முழுதும் ஹவுசிங்குக்கு. ஷாஃப்டுக்குச் சுற்றும் வேலை மட்டுமே. லாரியின் பின்சக்கர நடுவில் வட்டமாக போல்ட் போட்ட தகடு துருத்திக்கொண்டு நிற்கிறதே, அது ஷாஃப்டின் முனைதான். அந்த போல்ட்டுகளைக் கழற்றினால் சக்கரம் தரையில் நிற்கும்போதே ஷாஃப்டை உருவிவிடலாம்.

ஷாஃப்டின் கனமும் பெரிய விஷயம். விட்டம் 10 சதவீதம் கூடினால் முறுக்கைத் தாங்கும் வலு 33 சதவீதம் கூடும். ஆகவே, பெரிய ஆக்சில் போட்டால் உடைவது குறையும் என்று மெக்கானிக் சொல்வது பொய்யில்லை.

பலருக்குத் தெரியாத ஒன்று: அதிக லோடு ஷாஃப்டை வளைக்க மட்டும் செய்வதில்லை, முறுக்கவும் செய்கிறது. காலி வண்டியில் கிளட்சை வெடுக்கென்று விட்டால் டயர் வழுக்கிவிடும்; ஷாஃப்ட் தப்பிக்கும். லோடு ஏறிய வண்டியில் டயர் தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் முறுக்கு முழுதும் ஷாஃப்டின் தலையில் இறங்கும். பேரிங் கதை இன்னும் மோசம். ரோலர் பேரிங் மேல் பாரம் ஒன்றரை மடங்கானால் அதன் ஆயுள் பாதியாகாது, ஏறக்குறைய கால்வாசியாகிவிடும்.

தூண் போன்ற நீளமான சரக்கில் இன்னொரு வம்பும் உண்டு. முன், பின் ஆக்சில்களுக்கு இடையே இரண்டரை மீட்டர் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். 1 டன் சுமையின் நடுப்புள்ளி பின் ஆக்சிலுக்கு 25 செ.மீ. பின்னால் விழுந்தால், பின் ஆக்சில் சுமப்பது 1,000 கிலோ அல்ல, 1,100 கிலோ. கூடுதல் 100 கிலோ முன்பக்கத்திலிருந்து வருகிறது. அதாவது, முன்சக்கரம் அந்த அளவுக்கு லேசாகும். ஸ்டீயரிங் பிடி தளரும். எவ்வளவு பெரிய ஆக்சில் போட்டாலும் இது தீராது. சரக்கை முன்னால் தள்ளி ஏற்றினால் மட்டுமே தீரும்.

மாட்டினால் மட்டும் போதுமா?

பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஹவுசிங்கைப் பார்த்து ‘உட்காந்துரும்’ என்று சொல்வது எளிது. கமான் பட்டை உட்காரும் இடங்களுக்கு இடையிலான அகலம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் இருக்கையை வெட்டி, புதிதாக வெல்டிங் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் ஹவுசிங் லேசாகக் கோணினாலும் பேரிங்கும் ஆயில் சீலும் சீக்கிரம் போய்விடும். பினியன் பார்க்கும் கோணம் கியர்பாக்ஸோடு ஒத்துவராவிட்டால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அதிரும். அதன் நீளத்தையும் மாற்ற வேண்டிவரும். சக்கர போல்ட் எண்ணிக்கை வேறாக இருந்தால் ஒரே ஸ்டெப்னி முன்னுக்கும் பின்னுக்கும் ஆகாது. ராத்திரி 11 மணிக்கு தேவகோட்டை ரஸ்தா பக்கம் டயர் பஞ்சரானால்தான் இதன் அருமை தெரியும்.

அடுத்தது ரேஷியோ. பழைய ஆக்சிலில் கிரவுனில் 37 பல், பினியனில் 9 பல் என்றால் ரேஷியோ 4.11. புதிதாக வருவது 41-க்கு 8 என்றால் 5.125. இதே டயரில், எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும்போது முன்பு 60 கி.மீ. போன வண்டி இப்போது 48 கி.மீ.தான் போகும். கியர்பாக்ஸிலிருந்து இயங்கும் ஸ்பீடோமீட்டரோ அப்போதும் 60 என்றே காட்டும். மலைச்சாலையில் இழுவை கூடும் என்று இதை நியாயப்படுத்தலாம். சமவெளியான சிவகங்கை மாவட்டத்தில், திருச்சி–ராமநாதபுரம் நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு இது பெரும்பாலும் டீசல் செலவுதான்.

பிரேக்கில்தான் அதிக கவனம் தேவை. பெரிய ஆக்சிலோடு பெரிய டிரம்மும் வரும். ‘பிரேக்கும் நல்லாயிடும்’ என்று சந்தோஷப்படத் தோன்றும். பெரிய வீல் சிலிண்டருக்கு அதிக பிரேக் ஆயில் வேண்டும், பழைய மாஸ்டர் சிலிண்டர் அதைத் தள்ள பெடல் ஆழமாக இறங்கும். வண்டி காலியாக இருக்கும்போது பின்சக்கரம் மட்டும் முதலில் இறுகிப் பின்பக்கம் சுற்றிக்கொள்ளலாம். பல பிக்கப்களில் பின்பக்க பிரேக் அழுத்தத்தைச் சுமைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு உண்டு. சேசிஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்தே அது சுமையை அறிகிறது. பெரிய ஆக்சிலோடு கமான் பட்டையும் கூடுதலாகப் போட்டால் லோடு ஏறினாலும் வண்டி தாழாது. வால்வு அதைக் காலி வண்டி என்று எடுத்துக்கொள்ளும். பின்பக்க பிரேக் மிக அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில் குறைவாகக் கிடைக்கும்.

முன்பக்க பிரேக், சேசிஸ், கிளட்ச், ஸ்டீயரிங் எல்லாம் பழையபடியேதான் இருக்கின்றன. மொத்த எடை 2.5 டன்னிலிருந்து 3 டன் ஆனால், அதே வேகத்திலிருந்து வண்டியை நிறுத்த பிரேக்குகள் தாங்க வேண்டிய வெப்பம் 20 சதவீதம் கூடும். முன்பெல்லாம் ஆக்சில் உடைந்து எச்சரித்தது. அதைப் பலப்படுத்திவிட்டால் அடுத்து விட்டுக்கொடுப்பது பிரேக்காகவோ சேசிஸாகவோ இருக்கலாம். நடுவழியில் நிற்கும் வண்டியைவிட, நிற்காத வண்டி ஆபத்தானது.

சட்டம் என்ன சொல்கிறது?

எவ்வளவு ஏற்றலாம் என்பது ஆக்சிலில் இல்லை, ஆர்.சி.யில் இருக்கிறது. சரக்கு வண்டியின் பதிவு விவரங்களில் காலி எடை, மொத்த எடை, ஒவ்வோர் ஆக்சிலுக்குமான எடை, டயர் அளவு எல்லாம் உண்டு. லாரி ஆக்சிலையே மாட்டினாலும் அந்த எண்கள் மாறாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் வேறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன கே.ஜெயசந்திரா வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் (பிரிவு 182ஏ) அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. ஓவர்லோடுக்குத் தனிக் கணக்கு: 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய், இறக்கும் கூலி வேறு.

2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடை வரம்பை உயர்த்தியதே என்று சிலர் கேட்பதுண்டு. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் என்பது 11.5 டன் ஆனது. அது கனரக லாரிகளின் கதை. ஒன்றேகால் டன் பிக்கப்புக்கு அதில் எந்தச் சலுகையும் இல்லை.

8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும் என்பதால், பழைய பிக்கப்பில் செய்த மாற்றம் ரொம்ப நாள் மறைந்திருக்காது. விபத்து நடந்தாலோ, காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிடும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்த ஆக்சிலை, அதே ரேஷியோவில் மாற்றுவது பழுதுபார்ப்பு. அதில் சிக்கல் இல்லை. அதே மாடலின் பிந்தைய வருட வண்டியில் கனமான ஆக்சில் வந்திருந்தால், பாகத்தின் எண்ணோடு டீலரிடமும், வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

செகண்ட் ஹேண்ட் ஹவுசிங் வாங்குவோர் முதலில் ஆயிலை வடித்துப் பார்க்க வேண்டும். இரும்புத் துகள் மினுங்கினால் அதைத் தொடவே வேண்டாம். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். ஹவுசிங் மேலுள்ள பிரீதர் அடைத்திருந்தால் புது ஆயில் சீலும் கசியும். யூ போல்ட்டைப் புதிதாகப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்க வேண்டும்.

வாரத்தில் நான்கு நாள் இரண்டு டன் ஏற்றும் வேலை இருக்கிறது என்றால் தேவை பெரிய ஆக்சில் அல்ல, பெரிய வண்டி. எப்போதாவது ஒருமுறை வரும் கல்தூணுக்கு, இரண்டாவது நடைக்கான டீசல் போதும்.