ப்ரெட்சலுக்கு மரக்காணம் கல்லுப்பு போதாதா?

வீட்டில் ப்ரெட்சல் சுடப் பழகுகிறவர்களுக்கு ஒரு கேள்வி எழும். மேலே தூவுவதற்கென்றே விற்கும் விலைகூடிய 'ப்ரெட்சல் உப்பு'தான் வேண்டுமா, மரக்காணத்தை அடுத்த அனுமந்தைப் பக்கத்து உப்பளங்களில் வாரும் கல்லுப்பு போதாதா? தாராளமாகப் போதும். தனி உப்பின் மகிமையாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி கல்லின் அளவுதான். 3 மில்லிமீட்டர் கனசதுரக் கல் ஒன்றை 0.3 மில்லிமீட்டர் பொடியாக உடைத்தால் ஆயிரம் துகள்கள் கிடைக்கும். எடை மாறாது, மேற்பரப்பு மட்டும் பத்து மடங்காகும். உப்பு கரைவது மேற்பரப்பில்தான். கொதிக்கும் ஆப்ப சோடாத் தண்ணீரில் முக்கியெடுத்த மாவின் மேல் தூளுப்பைத் தூவினால், அது ஓவனுக்குள் போகும் முன்பே காணாமல் போய்விடும். கல்லுப்பு நின்று, கடிக்கும்போது நொறுங்கும். 'உருகாத உப்பு' என்ற விளம்பரத்தில் இதற்கு மேல் இரகசியம் இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், எந்த நாட்டிலிருந்து வந்த சோடியம் குளோரைடானாலும் தண்ணீரை இழுக்கத்தான் செய்யும். நம் கடற்கரையில் இரவு ஈரம் அந்த எல்லையைத் தாண்டுவது சர்வசாதாரணம்.

 

கல்லுப்பு சீக்கிரம் கசிகிறதே, ஜாடியின் அடியில் தண்ணீர் ஊறுகிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் அது உப்பின் குற்றம் அல்ல, கூட வந்த மக்னீசியம் குளோரைடின் வேலை. கடல்நீர் பாத்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது சோடியம் குளோரைடு கல்லாக இறங்கத் தொடங்கும். மக்னீசியம் கடைசிவரை தண்ணீரிலேயே தங்கும். அந்தக் கசப்புநீரை வடித்துவிட்டாலும் கல்லின் மேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொள்ளும். 33 விழுக்காடு ஈரம் இருந்தாலே மக்னீசியம் குளோரைடு கசிந்துவிடும். இங்கே அவ்வளவு வறண்ட நாள் ஏது?

உப்பைத் தண்ணீரில் கழுவினால் கரைந்துவிடாதா? உப்புத் தண்ணீரிலேயே கழுவினால் கரையாது. இதில்தான் அழகு இருக்கிறது. 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் தூளுப்பைக் கரைத்துவிட்டால், அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆண்கள் இருக்கை நிரம்பி வரும் பேருந்து மாதிரி. அனுமந்தையில் இன்னொரு சோடியம் ஏற வேண்டுமானால் ஒரு சோடியம் இறங்கியாக வேண்டும். பெண்கள் இருக்கை காலியாகக் கிடப்பதால் மக்னீசியம் தடையில்லாமல் ஏறி உட்காரும். அதுமட்டுமா, தன்னோடு குளோரைடையும் கூட்டிவந்து நெருக்குவதால், உட்கார்ந்திருந்த சோடியம் சிலவும் இறங்க நேரும். இறங்கியவை நம் கல்லின் மேலேயே படியும். கல் தேயாது, படலம் போய்விடும். உப்பு சுத்திகரிப்பு ஆலைகள் பெரிய அளவில் செய்வதும் இதே செறிந்த உப்புநீர்க் கழுவல்தான்.

அயோடின் போய்விடுமே என்றால், ஆம், மேலே தெளித்த அயோடேட்டும் கழுவலில் கொஞ்சம் போகும். மாவில் பிசையும் தூளுப்பு அயோடின் கலந்ததாக இருக்கட்டும்.  கழுவி வடிகட்டிய கல்லை வாணலியில் மூடிபோட்டு வறுக்க வேண்டும். சில கற்கள் படபடவென வெடிக்கும்: வேகமாக வளர்ந்த கல்லுக்குள் சிறைப்பட்ட உப்புநீர் ஆவியாகி உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. அந்த வெடிப்பு ப்ரெட்சலின் மேல் நடக்காமல் வாணலியிலேயே முடிந்துவிடுவது நல்லது. ஆனால் 75 என்ற எல்லையை எந்தக் கழுவலும் மாற்றாது. அதனால் அன்று மாலையே சாப்பிடப் போகிறவற்றுக்கு மட்டும் உப்புத் தூவிச் சுடுங்கள். மறுநாளுக்கானவற்றை உப்பில்லாமல் சுட்டு வைத்து, சூடாக்கும்போது லேசாக நீர் தடவித் தூவிக்கொள்ளலாம்.